மேலே சென்றோர் கொண்டுவந்த சொல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இலக்கிய மேடையில் விண்வெளிப் பயணத்திற்கு என்ன வேலை என்னும் வினா எழலாம். எழுவது முறையே. மனிதன் விண்ணேறிய வரலாறு பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம், எந்த நாடு முந்தியது என்பனவே அதன் உறுப்புகள். அதனுள்ளே சொல்லின் வரலாறு ஒன்றும் உண்டு. எவரும் காணாத ஒன்றைக் கண்ட ஒருவர், கண்டதைக் காணாதவர்க்கு எவ்வாறு சொன்னார்? சொன்னது மெய்யா? அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் அதனை என்ன செய்தார்கள்? இவ்வினாக்கள் கவிதை எழுதுவோர்க்கும் கற்போர்க்கும் உரியவை.

புறநானூற்றின் 30 ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் ஒரு வகை அறிஞரைக் குறிப்பிடுகிறார். ஞாயிற்றின் வழியையும், காற்றுச் செல்லும் திசையையும், பற்றுக்கோடின்றி நிற்கும் வானத்தையும் நேரிற் போய் அளந்து வந்தவர் போல உரைக்க வல்லவர் அவர்கள். ‘போல’ என்னும் இடைச்சொல்லே அங்குக் கருதத்தக்கது. போகாமலே போனவர் போலச் சொல்வது ஓர் ஆற்றல். உண்மையாகவே போனவர்களுக்கு நேர்ந்த இடர்ப்பாடு வேறு வகையானது.

1862 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள், இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் நகரிலிருந்து எரிவாயு நிரப்பிய பலூன் ஒன்று மேலெழுந்தது. அதன் கூடையில் இருவர் இருந்தனர். ஒருவர் கிரீன்விச் வானாய்வகத்தில் வானிலைப் பிரிவின் பொறுப்பாளராக இருந்த ஜேம்ஸ் கிளெய்ஷர். மற்றவர் பலூனோட்டி ஹென்றி காக்ஸ்வெல். கிளெய்ஷரின் முன்னே வெப்பமானியும் அழுத்தமானியும் பிற கருவிகளும் பொருத்திய பலகை இருந்தது. ஆறு புறாக்களையும் உடன் கொண்டு சென்றனர். 3 மைல் உயரத்தில் விடப்பட்ட புறா காகிதத் துண்டு போல விழுந்தது என்றும், அதனினும் உயரே விடப்பட்ட மற்றொன்று கல்லைப் போல விழுந்தது என்றும் கிளெய்ஷர் பின்னாளில் எழுதினார். இரண்டும் எளிய உவமைகள். ஆயினும் உயரத்திற்கு உயரம் காற்று மெலிந்துகொண்டே போவதை அவ்விரண்டும் அழுத்தமானிக்கு இணையாகக் காட்டிவிடுகின்றன.

ஏறத்தாழ 29,000 அடியில் அவருடைய கண் முதலில் பழுதுபட்டது. பாதரசக் கம்பியைப் பார்க்க இயலவில்லை. மேசைமேல் கிடந்த கையை எடுக்க முயன்றார், அது வரவில்லை. தலை தோள்மேல் சாய்ந்தது. பேச முயன்றார், நா எழவில்லை. கண் முழுவதும் இருண்டது. அறிவு மட்டும் அப்போதும் விழித்திருந்தது என்கிறார். பின்னர், உறங்கிப்போகும் ஒருவர் போல அதுவும் அணைந்தது.

வாயுவை வெளியேற்றினால்தான் பலூன் இறங்கும். வாயு அடைப்பிதழின் கயிறோ சிக்கிக்கொண்டது. காக்ஸ்வெல் கூடைக்கு மேலிருந்த வளையத்தின்மீது ஏறிக் கயிற்றை விடுவித்தார். அதற்குள் கடுங்குளிரில் அவருடைய கைகள் கறுத்து உணர்விழந்துவிட்டன. கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தார். காக்ஸ்வெல் தொடக்கக் காலத்தில் பல் மருத்துவராக இருந்தவர் என்பதை எண்ணும்போது சற்றுச் சிரிப்பும் எழுகிறது. ஆயினும் இரண்டு உயிர்கள் அப்பொழுது அந்தப் பற்களில்தான் தொங்கின.

பலூன் இறங்கத் தொடங்கியபின் நடந்ததே இவ்வவைக்குரிய செய்தி. மயங்கிக் கிடந்த கிளெய்ஷரின் செவியில் இரண்டு சொற்கள் விழுந்தன. ஒன்று ‘வெப்பநிலை’. மற்றொன்று ‘கூர்நோக்கு’. காக்ஸ்வெல் அவரை எழுப்ப முயன்று சொன்ன சொற்கள் அவை. இறக்கும் நிலையில் இருந்த ஒருவரை மீட்க அவருடைய மனைவி மக்களின் பெயரையோ இறைவன் பெயரையோ காக்ஸ்வெல் தேடவில்லை. எந்தச் சொல்லுக்கு அம்மனிதர் விழிப்பார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விழித்த கிளெய்ஷர் தாம் நினைவிழந்திருந்ததாகக் கூறினார். தானும் ஏறக்குறைய அந்நிலைக்கே வந்துவிட்டதாகக் காக்ஸ்வெல் விடை தந்தார். உடனே கிளெய்ஷர் பென்சிலை எடுத்து விட்ட இடத்திலிருந்து அளவுகளை எழுதத் தொடங்கினார்.

பலூன் தன் உச்சத்தைத் தொட்டது அவர் எழுதாத அந்தச் சில நிமிடங்களில்தான். 37,000 அடி இருக்கும் என்று கணக்கிட்டுச் சொன்னார். பிற்கால ஆய்வாளர்கள் அவ்வளவு இராது என்கின்றனர். எப்படியாயினும் உச்சத்தின் உயரத்தைக் கண்ணால் கண்டு எழுதியவர் எவருமில்லை.

அந்த நினைவுகளைக் கிளெய்ஷர் 1871 இல் ஒரு நூலாக வெளியிட்டபோது அதில் எழுதிய பிரெஞ்சுப் பலூனோட்டிகளுள் காஸ்தோன் திசாந்தியேயும் ஒருவர். நான்கே ஆண்டுகளில் அதே மயக்கம் அவரையும் தேடி வந்தது. 1875 ஏப்ரல் 15 ஆம் நாள் ‘ஸெனித்’ என்னும் பலூனில் குரோசே-ஸ்பினெல்லி, சிவெல் என்னும் இருவருடன் அவர் பாரிசிலிருந்து புறப்பட்டார். மெலிந்த காற்றில் உயிரைக் காப்பது ஆக்சிஜனே என்று உடலியல் அறிஞர் பால் பெர் அவர்களுக்குக் கற்பித்திருந்தார். ஆக்சிஜன் பைகள் தலைக்கு மேலே தொங்கின. கொண்டு செல்லும் அளவு போதாது என்று பால் பெர் எழுதிய கடிதம் காலம் கடந்தே வந்து சேர்ந்தது.

திசாந்தியே கையில் குறிப்பேடு வைத்திருந்தார். உயரே செல்லச் செல்ல அதன் எழுத்துகள் கோணலாயின. தோழர்கள் கண்களை மூடிக்கொண்டிருப்பதை அக்கோணல் எழுத்தில் குறித்தார். 8,000 மீட்டர் அளவில் அதனை உரக்கக் கூற விரும்பினார், நா மரத்திருந்தது. ஆக்சிஜன் குழாயைப் பற்ற எண்ணினார், கை உயரவில்லை. பின்னர் அவர் எழுதிய குறிப்பில் நெஞ்சை உறுத்தும் பகுதி ஒன்று உண்டு. அந்நிலையில் துன்பமே தெரியவில்லை. மாறாக உள்ளத்தில் ஒரு மகிழ்ச்சி, சுற்றிலும் பரவிய ஒளியின் விளைவு போன்ற ஓர் இன்பம் நிறைந்தது என்கிறார். அவர் விழித்தபோது தோழர் இருவரும் இறந்து கிடந்தனர். பாரிசின் பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அவ்விருவரின் வெண்கல உருவங்கள் அருகருகே படுத்த நிலையில் இருக்கின்றன.

அந்த மகிழ்ச்சி பொய். மூளைக்கு ஆக்சிஜன் குறையும்போது தோன்றும் மயக்கம் அது. உயரம் சென்றவரின் சொல்லுக்கு முதற்பகை அவருடைய உடலே என்பதை ‘ஸெனித்’ காட்டிற்று. பரவசத்தில் பிறந்த சொல் என்று ஒன்றைப் போற்றும் மரபு கவிதை உலகில் உண்டு. அம்மரபினர் திசாந்தியேயின் குறிப்பேட்டை ஒருமுறையேனும் எண்ணிப் பார்ப்பது நல்லது. பரவசம் இருந்தது, அதனருகே இரண்டு பிணங்களும் இருந்தன. திசாந்தியேயின் பெருமை, அந்த இன்பத்தை மறைக்காமல் எழுதியதிலும், அதனை இன்னதென்று அறிந்தபின் நம்பாமல் எழுதியதிலும் இருக்கிறது.

இதற்கு விடையாக வந்தது காற்றடைத்த உலோகக் கோளம். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் அகஸ்டே பிக்கார்டும் பால் கிப்ஃபரும் 1931 மே 27 ஆம் நாள் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து அலுமினியக் கோளத்தில் ஏறி 15,781 மீட்டர் உயரத்தை எட்டினர். கோளத்தில் ஏற்பட்ட ஒழுக்கை வாசலினும் நாரும் கொண்டு அடைத்தனர். கயிறு சிக்கியதால் மாலை வரை இறங்க முடியாமல், தாகம் மிகுந்து, சுவரில் படிந்த ஈரத்தை நக்கிக் குடித்தனர். இறங்கிய இடம் ஆஸ்திரியாவின் பனிப்பாறை. பொறியியலுக்கு இது பெரிய அதிகாரம். சொல்லின் வரலாற்றில் இதன் பயன் ஒன்றே: மேலே சென்றவர் இனித் தெளிந்த அறிவோடு வானத்தைப் பார்க்க முடிந்தது.

அங்ஙனம் தெளிந்து பார்த்தவருள் அமெரிக்க விமானப்படை மருத்துவர் டேவிட் சைமன்ஸ் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். 1957 ஆகஸ்ட் 19 ஆம் நாள் மினசோட்டா மாநிலத்தின் திறந்தவெளிச் சுரங்கம் ஒன்றிலிருந்து, ஒருவர் மட்டுமே அமரக்கூடிய சிறு கூண்டில் அவர் புறப்பட்டார். 1,01,516 அடி உயரத்தை எட்டி, 32 மணி நேரம் மேலேயே இருந்தார். மண்ணிலிருந்து காண்போர்க்கு மின்னும் விண்மீன்கள் அங்கே மின்னாமல் நிலைத்து எரிந்தன. இரவில் அவருக்குக் கீழே இடியும் மின்னலும் நிகழ்ந்தன. வளி முடிந்து வெளி தொடங்கும் இடத்தில் அவர் கண்ட நிறத்தைச் சொல்லவேண்டி வந்தது. நீலம் என்றால் நீலமன்று. ஊதா என்றால் அதுவுமன்று. அழுத்தமான நிறம், ஆனால் ஒளி மிகக் குறைவு. ஆகவே அவர் கண்ணை விட்டுச் செவிக்குப் போனார். கேட்கும் எல்லையைக் கடந்துவிடுமோ என்னும் அளவுக்கு உச்சத்தில் அதிரும் ஓர் இசைச்சுரத்தைப் போன்றது அந்நிறம் என்று எழுதினார். ஒரு புலனின் அனுபவத்தை இன்னொரு புலனின் மொழியில் சொல்லும் இவ்வுத்தியைக் கவிஞர்கள் அணிக்காகக் கையாள்வர். சைமன்ஸ் வேறு வழியின்றிக் கையாண்டார். அவருடைய உவமை இன்னும் மங்காமல் இருப்பதற்கு அந்த வேறுவழியின்மையே காரணம் எனலாம்.

மூன்றாண்டுகளுக்குப்பின், 1960 ஆகஸ்ட் 16 இல், ஜோசப் கிட்டிங்கர் 1,02,800 அடியிலிருந்து குடையோடு குதித்தார். ஏறும்போதே அவருடைய வலக்கை உறையில் அழுத்தம் குறைந்து கை வீங்கியது. சொன்னால் கீழே அழைத்துவிடுவார்கள் என்று, உச்சத்தை நெருங்கும் வரை அதனைச் சொல்லவில்லை. உச்சியில் நின்று அவர் சொன்னது வெற்றி முழக்கமன்று. தலைக்கு மேலே இருப்பது பகை வானம் என்றும், மனிதன் அதனோடு வாழக் கற்கலாமேயன்றி அதனை வெல்ல முடியாது என்றும் சொன்னார். பின்னர் 4 நிமிடம் 36 விநாடிகள் பெருங்குடை விரியாமல் விழுந்தார்.

அடுத்து வருவது 1961 ஏப்ரல் 12. யூரி ககாரினின் 108 நிமிடங்கள் பற்றி எழுதப்பட்ட பக்கங்களுக்கு அளவில்லை. அவற்றுள் சொல் பட்ட பாட்டை மட்டும் பிரித்தெடுத்தால் வேறொரு கதை கிடைக்கிறது.

அவர் புறப்படுமுன்னரே சொற்கள் அணியமாக இருந்தன. சோவியத் செய்தி நிறுவனமான தாஸ், மூன்று அறிக்கைகளை உறையிலிட்டு வைத்திருந்தது. ஒன்று வெற்றிக்கு, ஒன்று அயல்நாட்டில் இறங்க நேர்ந்தால் உதவி கோருவதற்கு, ஒன்று இறப்புக்கு. இவ்வாறு எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருந்த நாளில், எழுதி வைக்கப்படாத ஒரு சொல்லே உலகத்தின் நினைவில் நின்றது. ராக்கெட் மேலெழுந்தபோது ககாரின் சொன்ன ‘பொயேகலி’ என்னும் ருசியச் சொல் அது. ‘புறப்பட்டோம்’ என்பது போன்ற அன்றாட வழக்கு. வண்டி கிளம்பும்போது எவரும் சொல்லக்கூடியது.

அன்று வானொலியில் ககாரினின் பெயர் ‘கேதர்’. சைபீரியக் காடுகளின் ஓங்கிய ஊசியிலை மரம் அது. தரையிலிருந்து பேசிய தலைமை வடிவமைப்பாளர் கொரோலியோவின் பெயர் ‘சர்யா’. விடியல் என்று பொருள். மரமும் விடியலும் பேசிக்கொண்டது என்ன? ஏறுவதற்கு முன்பு, கூண்டில் உணவுக் குழல்கள் இருக்கின்றன, தேநீருக்குப் பழக்கூழும் இருக்கிறது என்று விடியல் அன்போடு பட்டியலிட்டது. காய்ச்சிய சாராயத்திற்குத் தொட்டுக்கொள்ளத் தொத்திறைச்சி இருந்தால் போதும் என்று மரம் கேலி பேசியது. இதெல்லாம் ஒலிநாடாவில் பதிவாகிறதே என்று விடியல் கலங்கியது. காத்திருப்பு நீண்டபோது ககாரின் இசை கேட்டார்; காதல் பாட்டுகள் போட்டார்கள். அரசு அணியமாக்கிய அறிக்கைகள் மறந்துபோயின. இந்த உரையாடல் இன்றும் படிக்கத்தக்கதாக இருக்கிறது.

மேலே சென்றபின் அவருக்கு நேர்ந்ததைக் கேட்டால் எழுதுவோர் ஒவ்வொருவரும் இரங்குவர். அவருடைய பென்சில் போய்விட்டது. அதனைக் கட்டியிருந்த திருகு கழன்று, எடையற்ற வெளியில் பென்சில் எங்கோ மிதந்து மறைந்தது. குறிப்பேடு இருக்கிறது, எழுதுகோல் இல்லை. ஏட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ஒலிப்பதிவுக் கருவியில் பேசினார். அதன் நாடாவும் இடையில் தீர்ந்தது. அதனைப் பின்னோக்கிச் சுற்றிப் பதிவைத் தொடர்ந்தார். பூமியை முதன்முதலாக வெளியிலிருந்து கண்ட மனிதரின் நேர்ச்சொற்கள் இத்தனை இடர்ப்பாடுகளுக்குத் தப்பியவை.

தப்பியவை அழகானவை. பூமியின் விளிம்பில் வெளிர்நீலம் படிப்படியாக அடர்ந்து, ஊதாவாகி, கறுப்பில் முடிவதையும், நிழலிலிருந்து வெளிவரும்போது அடிவானத்தில் செம்மஞ்சள் பட்டை ஒன்று தோன்றி நீலமாக மாறுவதையும் அடுக்கடுக்காகச் சொன்னார். பின்னர்த் தம் நூலில் அந்நிறங்களை நிக்கலாய் ரோரிக்கின் ஓவியங்களோடு ஒப்பிட்டார். ரோரிக் இந்தியாவின் குலு பள்ளத்தாக்கில் வாழ்ந்து 1947 இல் மறைந்தவர். இமயத்தின் நிறங்களைத் தீட்டியவர். வார்ப்பட ஆலையில் தொழில் கற்ற இளைஞர் ஒருவர், விண்ணில் கண்டதற்கு உவமை தேடி, இமயத்தின் ஓவியரிடம் வந்து சேர்ந்தது இனிய செய்தி.

இனிமையற்ற செய்தியும் உண்டு. திரும்பும்போது, பிரிந்து போகவேண்டிய கருவிப்பகுதி பிரியவில்லை. கலம் சுழன்றது. சுமார் 10 நிமிடம் இவ்வாறு கழிந்தது. நிலைமை உயிருக்கு ஊறு செய்யும் அளவினதன்று என்று தாமே கருதி, ‘எல்லாம் சரி’ என்னும் குறியீட்டைக் ககாரின் அனுப்பினார். அது பொய்யன்று, ஒரு துணிவான மதிப்பீடு. நாட்டின் ஆணைக்குழு முன் நடந்ததை நடந்தபடியே கூறினார். அந்த அறிக்கை பூட்டி வைக்கப்பட்டது. முப்பதாண்டுகளுக்குப்பின் 1991 அளவிலேதான் வெளியுலகம் அதனை அறிந்தது. 7 கிலோமீட்டர் உயரத்தில் கலத்திலிருந்து வெளியேறித் தனிக்குடையில் அவர் இறங்கியதும் பல ஆண்டுகள் மறைக்கப்பட்டது. கலத்தோடு சேர்ந்து இறங்கினால்தான் உலகச் சாதனையாக ஏற்கப்படும் என்னும் விதி இருந்தமையே காரணம். செய்தியாளர் கூட்டத்தில் அவரிடம் இதைக் கேட்டபோது நேர்விடை கிடைக்கவில்லை. அவர் சொல்லாத சொல் ஒன்றும் அவர் வாயில் வைக்கப்பட்டது. விண்ணில் கடவுளைக் காணவில்லை என்று ககாரின் சொன்னதாக உலகெங்கும் பரவியது. பயணத்தின் உரையாடல் பதிவில் அப்படி ஒரு சொல் இல்லை. கடவுளையோ தேவதைகளையோ காணவில்லை என்று 1962 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் சொன்னவர் அடுத்துச் சென்ற கெர்மன் தித்தோவ்.

ஆக, ஒரே மனிதரின் சொல்லுக்கு மூன்று நிலை: சொன்னது மறைக்கப்பட்டது, சொல்லவேண்டியது தடுக்கப்பட்டது, சொல்லாதது சேர்க்கப்பட்டது. ஏடுகளில் பாடபேதமும் இடைச்செருகலும் காண்பது தமிழ் கற்போர்க்குப் புதிதன்று. ஒலிநாடா இருந்த காலத்திலும் இடைச்செருகல் நிகழ்ந்தது என்பதே இதில் வியப்பு.

இதைச் சோவியத்து நாட்டின் குற்றமாக மட்டும் கொள்வது நேர்மையாகாது. 1961 மே 5 இல் அமெரிக்கர் அலன் ஷெப்பர்ட் 15 நிமிடப் பயணம் சென்றார். அவர் கலத்தில் பெரிய சன்னல் இல்லை. பெரிஸ்கோப் வழியாகவே பூமியைப் பார்க்க வேண்டும். ஏவுதளத்தில் காத்திருந்தபோது கண்கூசியதால் அதில் சாம்பல்நிற வடிகண்ணாடி ஒன்றை இட்டவர், எடுக்க மறந்துவிட்டார். மேலே போய் எடுக்க முயன்றபோது, பயணத்தையே முறிக்கும் கைப்பிடியில் மணிக்கட்டுக் கருவி இடித்தது, அஞ்சி விட்டுவிட்டார். ஆகவே அவர் கண்ட பூமி நிறமற்றது. ஆயினும் ‘என்ன அழகான காட்சி’ என்று வானொலியில் வியந்தார். கேட்கக் காத்திருந்த கோடிக்கணக்கான மக்களுக்கு வேறு எதைச் சொல்வது? கைதட்டலை எதிர்பார்த்து எழுந்த சொல், எழுப்பப்பட்ட சொல்.

இதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொன்னவர் ஜான் கிளென். 1962 பிப்ரவரி 20 இல் மூன்று முறை பூமியைச் சுற்றிய அவர், முதற் சுற்றில் பசிபிக் பெருங்கடலுக்கு மேல் பொழுது விடியும் வேளையில், தம் கலத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஒளித்துகள்கள் மெல்ல மிதப்பதைக் கண்டார். இன்னவென்று தெரியவில்லை. மின்மினிகள் போல இருக்கின்றன என்றார். மின்மினி நிறைந்த வயல்வெளியினூடே செல்வது போன்றிருக்கிறது என்றார். கலத்தின் உந்துதாரைகளிலிருந்து வருகின்றனவோ என்று ஐயுற்று, அவற்றை இயக்கிப் பார்த்து, இல்லை என்று முடிவு செய்தார். கலத்தைத் திருப்பி வைத்தும் பார்த்தார். தரையில் இருந்தோர்க்கு விளங்கவில்லை. பின்னர், அவரை வினவிய மனநல மருத்துவர், ‘அவை என்ன சொல்லின, ஜான்?’ என்று கேட்டாராம். மாயக்காட்சி கண்டவராக அவரைக் கருத இடமிருந்தது.

மே 24 ஆம் நாள் அதே வழியில் சென்ற ஸ்காட் கார்ப்பென்டரின் கை தற்செயலாகக் கலத்தின் கதவில் பட்டது. வெளியே ஒளித்துகள்கள் சிதறிப் பறந்தன. மீண்டும் தட்டினார், மீண்டும் பறந்தன. கலத்தின் மேற்புறத்தில் உறைந்திருந்த பனித்துகள்களே கதிரொளி பட்டு மின்னின என்பது தெளிவாயிற்று.

அப்படியானால் கிளென் சொன்னது பிழையா? தொல்காப்பியரின் உவமவியல் இங்கே கைகொடுக்கிறது. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கு வகையில் உவமை தோன்றும் என்பது அவர் வகுத்த இலக்கணம். கிளெனின் மின்மினி உருவாலும் வினையாலும் பொருந்திய உவமை. மஞ்சளும் பச்சையும் கலந்த ஒளி உரு. அசைந்தும் தயங்கியும் மிதத்தல் வினை. பொருளின் இயல்பை அவர் அறிந்ததாகச் சொல்லவில்லை. ‘போல’ என்றே சொன்னார். பனித்துகள் என்று தெரிந்தபின்னும் அவ்வுவமை விழவில்லை. கார்ப்பென்டரும் அதே காட்சியை அச்சொல்லைக் கொண்டே அடையாளம் கண்டார். பின்னே வருபவர் சரிபார்க்க உதவும் அளவுக்கு உவமை துல்லியமாக இருந்தது. கவிதை அரங்குகளில் உவமையை அழகு என்னும் ஓர் அளவுகோலால் மட்டும் அளப்போர், கதவில் தட்டிய அந்தக் கையை நினைக்கலாம்.

வாலெந்தினா தெரெஷ்கோவாவின் சொல்லுக்கு நேர்ந்தது வேறு. 1963 ஜூன் 16 இல் விண்ணேறிய முதற்பெண் அவர், நூற்பாலைத் தொழிலாளி. ருசியக் கவிஞர் மயகோவ்ஸ்கியின் ‘கால்சட்டை அணிந்த மேகம்’ என்னும் நெடும்பாட்டில் வானத்தைச் செருக்கோடு விளிக்கும் இடம் ஒன்று உண்டு. அதனைத் தழுவியே தெரெஷ்கோவா புறப்படும்போது வானத்தை விளித்தார். ககாரின் வழக்குச் சொல்லோடு போனார். தெரெஷ்கோவா கவிதையோடு போனார். 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மாவிடம், மேலிருந்து இந்தியா எப்படித் தோன்றுகிறது என்று இந்திரா காந்தி வினவியபோது, அவர் கவிஞர் இக்பாலின் பாடலடி ஒன்றையே விடையாக்கியதும் இங்கு நினைவுக்கு வரும்.

மூன்று நாளுக்குச் சற்றே குறைவாக, 48 முறை பூமியைச் சுற்றினார் தெரெஷ்கோவா. திரும்பியபின் அவரைப்பற்றிப் பல பேச்சுகள் எழுந்தன. சோர்ந்துவிட்டார், இட்ட பணிகளை முடிக்கவில்லை, பெண்ணுக்கு இது ஒவ்வாது என்றனர். பல்லாண்டுகள் கழித்து அவர் வாய்திறந்தார். கலத்தின் திசையமைப்பில் பிழை இருந்தது, அப்படியே விட்டிருந்தால் இறங்குவதற்கு மாறாக மேலும் உயரே போயிருக்கும், அதனைத் தாமே கண்டு தரைக்கு அறிவித்தார், திருத்தம் அனுப்பப்பட்டது, வெளியே சொல்ல வேண்டா என்று கொரோலியோவ் கேட்டுக்கொண்டார் என்பது அவர் கூற்று. முப்பதாண்டுகளுக்கு மேல் அவர் அந்த வேண்டுகோளைக் காத்தார். அவரைக் குறைகூறியவர்கள் அத்தனை ஆண்டும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அடுத்த பெண் விண்ணேறியது 1982 இல். இடைப்பட்ட 19 ஆண்டுகளுக்கு அவருடைய மௌனமே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் தவற்றைக் கண்டு சொன்னவர் அவரே என்பது அன்றே ஊரறிந்திருந்தால், சோர்ந்த பெண் என்னும் கதை அவ்வளவு எளிதாகக் கால்கொண்டிருக்காது.

இறுதியாக அலெக்சி லியோனவ். 1965 மார்ச் 18 ஆம் நாள், பாவெல் பெல்யாயெவ் கலத்திலிருக்க, லியோனவ் வெளியே சென்று 12 நிமிடம் வெற்றுவெளியில் மிதந்தார். அவர் உடை உப்பிப் பருத்தது. விரல்கள் கையுறையின் நுனியை விட்டு நழுவின. நுழைவழிக்குள் திரும்ப முடியவில்லை. தரையைக் கேளாமலே உடையின் காற்றைச் சிறிது சிறிதாகத் திறந்துவிட்டு, காலுக்குப் பதில் தலையை முன்னிட்டு உள்ளே புகுந்தார். தானியங்கி முறை பழுதானதால் கையால் இயக்கி, பெர்ம் பகுதியின் பனிக்காட்டில் இறங்கி, இரண்டு இரவுகளைக் கழித்தனர். இவையும் பல்லாண்டுகள் மறைக்கப்பட்டவையே. அங்கு அவர் கேட்டது என்ன என்று வினவியபோதெல்லாம், பெரும் அமைதியையும் அதனிடையே தம் மூச்சின் ஓசையையும் குறிப்பிட்டார்.

லியோனவ் ஓவியர். பயணத்தில் வண்ணப் பென்சில்கள் கொண்டுபோனார். ககாரினின் நண்பர் அவர். எடையற்ற இடத்தில் பென்சில் என்ன ஆகும் என்பது தெரியும். ஒவ்வொரு பென்சிலையும் நூலால் கட்டி, மணிக்கட்டில் அணியும் பட்டையோடு பிணைத்துக்கொண்டார். கலத்துக்குள் திரும்பியபின், கதிரவன் எழும்போது பூமியின் விளிம்பில் தோன்றிய நிற அடுக்குகளைச் சிறு தாளொன்றில் தீட்டினார். விண்ணில் தீட்டப்பட்ட முதல் ஓவியம் அது. கறுப்பு வானின் கீழே வளைந்த விளிம்பும், அதன்மேல் எழும் கதிரவனும், சிவப்பும் மஞ்சளும் நீலமுமான பட்டைகளுமே அதில் உள்ளன. 2015 இல் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அந்தத் தாளும் பென்சில்களும் பார்வைக்கு வைக்கப்பட்டன.